வாசகர் கேள்வி – பதில்: சிங்கீதம் சீனிவாசராவ் போட்ட கணக்கு

சென்ற இதழில், வேறொரு கேள்விக்கான பதிலின் நடுவே, தெலுங்கு இயக்குநர் சிங்கீதம் சீனிவாசராவைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். 'திக்கற்ற பார்வதி', 'பேசும் படம்', 'அபூர்வ சகோதரர்கள்' ஆகிய மூன்றும் அவர் இயக்கியவை என்பதே அந்த நான்கு வரியின் சாரம். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு சீனிப்பையை நிறைத்துவிட்டன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன். சிறுபோக நெல் விலையைப் பற்றிக் கேட்டிருந்தோர் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: அந்த மூன்று படங்களுக்கும் இடையே எந்த உறவும் எனக்குத் தெரியவில்லை. ஒன்று கண்ணீர், ஒன்று மௌனம், ஒன்று கோமாளித்தனம். ஒரு கலைஞனுக்கென்று ஒரு போக்கு இருக்க வேண்டாமா? வந்ததையெல்லாம் எடுத்தவரை எப்படிப் பெரிய இயக்குநர் என்கிறீர்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மல்லாவி

ஐயா, நீங்கள் ஆசிரியராக இருந்தவர் என்பதால் உங்களுக்கு விடை சொல்வது எளிது. சிங்கீதமும் படத்துறைக்கு வருவதற்கு முன்பு பாடசாலையில் படிப்பித்தவர்தான். 1931இல் நெல்லூர் மாவட்டத்து உதயகிரியில் பிறந்து, சென்னையில் பௌதிகம் படித்து, நாடகம் எழுதி, அதன் பின்னரே கே. வி. ரெட்டியிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 1957இல் வெளியான 'மாயாபஜார்' படத்தை இயக்கிய அந்தக் கே. வி. ரெட்டிதான். அவர் படப்பிடிப்புக்குப் போகும் முன்பே ஒவ்வொரு காட்சிக்கும் இத்தனை நிமிடம் என்று வரையறுத்துவிட்டு, நிறுத்தற்கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒத்திகை பார்ப்பவர். படம் முடிந்தால் எவ்வளவு நீளம் வரும் என்பது படம் தொடங்கும் முன்பே அவருக்குத் தெரியும். கடோற்கசன் கலியாண விருந்தை ஒரே மூச்சில் உண்டு தீர்க்கும் அந்தக் கும்மாளம் முழுவதும் கடிகார முள்ளுக்குக் கட்டுப்பட்டு எடுக்கப்பட்டது என்று நினைத்துப் பார்த்தால், சிங்கீதம் எங்கே தொழில் படித்தார் என்பது விளங்கும்.

போக்கு இல்லை என்கிறீர்கள். எனக்கோ ஒரே போக்கு பிடிவாதமாகத் தெரிகிறது. அவருடைய நல்ல படம் ஒவ்வொன்றும் ஒரு நிபந்தனையோடு தொடங்குகிறது. ஒன்றில் எவரும் பேசக்கூடாது. ஒன்றில் நாயகன் மூன்றடி உயரம். ஒன்றில் நாயகனுக்குக் கண் தெரியாது. அவன் வயலின் வாசிப்பவன். (1981இல் வந்த 'ராஜபார்வை'.) ஒன்றில் ஒரே முகத்தோடு நான்கு பேர். நிபந்தனையைப் போட்ட பிறகு, அதை ஒரு காட்சியிலும் ஏமாற்றாமல், அதனால் என்னென்ன இடர் வருமோ அவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு கடைசிவரை கொண்டுபோவதுதான் அவர் வேலை. கணக்கு மாறுவதால் படத்தின் முகம் மாறுகிறது. கணக்குப் போடுகிறவர் மாறவில்லை. வயல் ஒன்றுதான் என்றாலும் மழையைப் பார்த்து நெல்லா உழுந்தா என்று தீர்மானிக்கிற கமக்காரனைப் போக்கில்லாதவன் என்று நாம் சொல்வதில்லையே.

இன்னொன்றும் உண்டு. 1970இல் கன்னடத்தில் பட்டாபிராம ரெட்டி இயக்கிய 'சம்ஸ்காரா' படத்தில் சிங்கீதம் நிர்வாக இயக்குநராக இருந்தார். அனந்தமூர்த்தியின் நாவலிலிருந்து எடுக்கப்பட்டு, அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான இந்தியத் தேசிய விருதைப் பெற்ற படம் அது. ஒரு கையில் 'மாயாபஜார்', மறு கையில் 'சம்ஸ்காரா' என்று தொழில் படித்தவருக்கு, வணிகப் படம், கலைப் படம் என்ற பிரிவினை ஆரம்பத்திலேயே பொருளற்றுப் போயிருக்கும் என்று நான் ஊகிக்கிறேன்.

கேள்வி: 'பேசும் படம்' ஊமைப் படம்தானே? வசனம் இல்லாமல் எடுத்தது செலவைக் குறைக்கவா?
– இளைஞர், விசுவமடு

ஊமைப் படம் அன்று. இந்த வேறுபாட்டைத் தயவுசெய்து கவனியுங்கள். அந்தப் படத்தில் வீதி இரைகிறது, கதவு சாத்துகிறது, எல். வைத்தியநாதனின் இசை ஒலிக்கிறது. மனிதர்களின் பேச்சு மட்டுமே இல்லை. பேச்சைத் தணித்தால் மற்றச் சத்தங்களுக்கு நாக்கு முளைத்துவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். கமல்ஹாசன் நடிக்கும் வேலையற்ற பட்டதாரி, சினிமாக் கொட்டகையின் அருகே ஒரு நெருக்கடியான மாடியறையில் குடியிருப்பவன். இரவுதோறும் கொட்டகையின் சண்டைச் சத்தத்தில்தான் அவன் உறங்குவது. குடிவெறியில் வீதியில் விழுந்துகிடக்கும் ஒரு செல்வந்தரைத் தன் அறையில் கட்டிப்போட்டுவிட்டு, அவருடைய சொகுசு ஹோட்டல் அறையில் இவன் போய்ப் படுக்கிறான். மெத்தை பஞ்சாக இருக்கிறது, அறை குளிர்கிறது, ஆனால் நித்திரை வரவில்லை, அமைதி உறுத்துகிறது. மறுபடி தன் பழைய இடத்துக்குப் போய் அந்த இரைச்சலை ஒலிநாடாவில் பதிந்து வந்து, தலைமாட்டில் ஓடவிட்ட பிறகுதான் கண் அயர்கிறான். வறுமை ஒருவன் காதுக்குள் எவ்வளவு தூரம் குடியேறியிருக்கிறது என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் காட்டிய இடம் அது. வன்னியிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் மாரிகாலத்தில் குளத்துத் தவளைச் சத்தம் இல்லாமல் நித்திரை வரவில்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

வாடகைக் கொலைகாரனை நினைவிருக்கிறதா? அவன் வைத்திருப்பது பனிக்கட்டியால் வார்த்த கத்தி. குத்திய பின் கத்தி உருகிவிடும், சாட்சியம் தண்ணீராகிவிடும். ஆனால் உருகிவிடும் என்பதே அவனுக்குப் பகையுமாகிறது: வாய்ப்பு வரும்வரை காத்திருக்க அவனுக்கு நேரமில்லை. ஒரே பொருளிலிருந்து அச்சத்தையும் சிரிப்பையும் சேர்த்து எடுத்திருக்கிறார் பாருங்கள்.

செலவைப் பற்றிக் கேட்டீர்கள். பேச்சில்லாத படத்துக்கு மொழிமாற்றச் செலவு இல்லைதான்; கன்னடத் தயாரிப்பாக 1987இல் வெளியான 'புஷ்பக விமானா' பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு தமிழில் 'பேசும் படம்' ஆகவும் வேறு மொழிகளில் வேறு பெயர்களிலும் ஓடியது. ஆனால் செலவைக் குறைக்க நினைப்பவர் இவ்வளவு சிரமமான வழியைத் தேடமாட்டார். 'தொலைபேசியில் தகவல் வந்தது' என்று வசனத்தில் ஒரே வரியில் முடிக்கக்கூடியதை அவர் காட்சியாகக் கட்ட வேண்டியிருந்தது.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் கடைசியில், மாங்குளத்துக்குக் கிழக்கே ஓர் உறவினரின் சாமத்திய வீடு. ரீவியும் டெக்கும் வாடகைக்கு வந்திருந்தன. முற்றத்தில் நெல் காயவிடும் படங்கை விரித்து ஊர் முழுவதும் அமர்ந்திருந்தது. முதலில் போட்டது வசனம் மிகுந்த ஒரு படம். ஜெனரேற்றரை மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தும் அதன் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கியது. முன்னால் இருந்தவர்கள் கேட்டதைப் பின்னால் இருந்தவர்களுக்குச் சொல்ல, அவர்கள் அதைத் தவறாக விளங்கிக்கொண்டு கதையையே மாற்றிவிட்டார்கள். இரண்டாவதாக 'பேசும் படம்' ஓடியபோது எவரும் எவரையும் எதுவும் கேட்கவில்லை. வீதியோரப் பிச்சைக்காரர், தம்மிடம் ஒரு நாணயத்தைக் காட்டிப் பெருமைப்படும் நாயகனுக்குத் தம்மிடமுள்ள பணத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் இடத்தில், காது கேளாத என் பெரியம்மா மற்ற எல்லோருக்கும் முன்பாகச் சிரித்தார். ஒரு படத்தை ஊரோடு சேர்ந்து அவர் முழுமையாகப் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

கேள்வி: 'திக்கற்ற பார்வதி' என் தாயார் சொல்லித்தான் தெரியும். இன்று அதைப் பார்ப்பதில் பயன் உண்டா?
– வாசகி, முள்ளியவளை

உண்டு. ராஜாஜியின் கதையிலிருந்து 1974இல் எடுத்த படம். அவ்வாண்டுக்கான சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருதைப் பெற்றது. ஸ்ரீகாந்தும் லட்சுமியும் கணவன் மனைவியாக நடித்தார்கள். வீணைக் கலைஞர் சிட்டிபாபு இசையமைத்தார். சிங்கீதம் இயக்கத் தொடங்கி இரண்டே ஆண்டுகளில் எடுத்தது. தெலுங்கர் ஒருவர், ராஜாஜி பிறந்த ஓசூர்ப் பக்கத்துக் கிராமத்து வாழ்க்கையை இவ்வளவு அடக்கமாகத் தமிழில் சொன்னது எனக்கு இன்றைக்கும் வியப்பு.

கதை சிறியது. இளம் குடும்பம் கடன் வாங்கி மாட்டுவண்டி வாங்குகிறது. வண்டியால் கையில் காசு புழங்குகிறது, காசு புழங்கக் கணவன் கள்ளுக்குப் போகிறான், வட்டி ஏறுகிறது, கடன் கொடுத்த வீட்டு மகனின் கண் பார்வதியின்மேல் விழுகிறது. அதன்பின் நடப்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுவிலக்குக்கு ஆதரவான படம் என்றே பலர் எழுதுவார்கள். கதையை எழுதியவரின் நோக்கம் அதுவாகவே இருந்திருக்கும். ஆனால் வன்னியிலிருந்து பார்க்கும்போது எனக்குக் கள்ளைவிடக் கடன்தான் பெரிதாகத் தெரிகிறது. மாட்டுவண்டி இருந்த இடத்தில் லீசிங்கில் எடுத்த லாண்ட்மாஸ்டர் உழவியந்திரத்தை வைத்துப் பாருங்கள். வாரக் கடன் வசூலிக்க வருபவர் படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, வீட்டில் ஆண்பிள்ளை இல்லாத நேரத்திலும் காசு வாங்காமல் போகமாட்டேன் என்று திண்ணையில் அமர்ந்திருப்பதைப் பார்க்காத ஊர் நம் பக்கத்தில் எது? பார்வதி அந்தத் திண்ணைக்கு எதிரே நிற்கும் பெண்தான். அவளைக் குற்றஞ்சாட்டாமலும், அவளுக்காக உரக்க அழாமலும், சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறது படம்.

கேள்வி: 'மயூரி' உண்மைக் கதை என்கிறார்களே?
– வாசகர், புதுக்குடியிருப்பு

உண்மைக் கதை என்பதோடு, உண்மையான பெண்ணையே நடிக்க வைத்த படம். சுதா சந்திரன் என்ற நடனப்பெண் 1981இல் திருச்சிக்கு அருகே நடந்த பஸ் விபத்தில் காயமடைந்து வலக்காலை இழந்தார். பின்னர் ஜெய்ப்பூர் காலைப் பொருத்திக்கொண்டு மறுபடி மேடையேறினார். 1985இல் சிங்கீதம் அவரையே நாயகியாக்கினார். ஆந்திர அரசின் நந்தி விருதுகளில் 14ஐ அந்தப் படம் வாரிச் சென்றது. அடுத்த ஆண்டு டி. ராமாராவ் அதை ஹிந்தியில் எடுத்தார்.

வேறு நாட்டு வாசகருக்கு எழுதுவதானால் ஜெய்ப்பூர் கால் என்றால் என்ன என்று இந்த இடத்தில் ஒரு பந்தி எழுத வேண்டியிருக்கும். புதுக்குடியிருப்புக்கு எழுதுகிறேன், தேவையில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தக் காலைப் பொருத்திய முதல் நாளில் பிறர் கைதட்டுவார்கள். உள்ளே தோல் உரிந்து இரத்தம் கசிவது இரவில் அதைக் கழற்றும்போதுதான் தெரியும். படத்தில் பயிற்சிக்கு உரிய இடம் கொடுத்திருப்பதால்தான் கடைசி ஆட்டம் நம்பும்படி இருக்கிறது. மெலிதான இடங்களும் உண்டு: காதல் பகுதி வழக்கமானது, வில்லத்தனங்கள் சற்று முரட்டுத்தனமானவை. பொறுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கமல்ஹாசன் இல்லையென்றால் சிங்கீதம் யார்? 'அபூர்வ சகோதரர்கள்', 'மைக்கேல் மதன காமராஜன்' எல்லாம் கமலின் மூளைதானே?
– கமல் இரசிகர், கிளிநொச்சி

இந்தக் கேள்வியை ஏழு பேர் அனுப்பியிருக்கிறார்கள்; மரியாதையான கடிதத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

கமலின் பங்கைக் குறைப்பது என் நோக்கமன்று. 1989இல் வந்த 'அபூர்வ சகோதரர்கள்' படத்தின் கதை பஞ்சு அருணாசலத்துடையது, வசனம் கிரேசி மோகனுடையது, ஒளிப்பதிவு பி. சி. ஸ்ரீராமுடையது. மூன்றடி உயர அப்புவாக நடிக்க முழங்காலை மடித்துக் கட்டி, முழங்காலிலேயே சப்பாத்தைப் பொருத்தி, நாட்கணக்காக வலியைத் தாங்கியவர் கமல். ஆனால் கமெராவை எந்த உயரத்தில் வைப்பது, எந்த இடத்தில் நிலத்தில் பள்ளம் வெட்டி அவரை அதற்குள் நடக்கவிடுவது, எந்தச் சட்டகத்தில் பள்ளம் தெரிந்துவிடும் என்பதெல்லாம் ஒவ்வொரு காட்சிக்கும் வெவ்வேறாகத் தீர்க்க வேண்டிய கணக்கு. அப்பு தன் பகைவர்களைக் கொல்லும் முறைகளைக் கவனியுங்கள். டெல்லி கணேஷ் சாகும் காட்சியில் ஒன்று மற்றொன்றைத் தட்ட, அது இன்னொன்றை இயக்க, கடைசியில் அம்பு பாய்கிறது. மூன்றடி மனிதன் பலத்தால் கொல்ல முடியாது. பொறியால்தான் கொல்ல முடியும். நிபந்தனையிலிருந்து கதை முளைக்கிறது என்று மல்லாவி ஆசிரியருக்குச் சொன்னது இதுதான்.

கமல் இல்லாத சிங்கீதத்தையும் பார்க்க வேண்டும். கன்னடத்தில் ராஜ்குமாரை வைத்து 1982இல் எடுத்த 'ஹாலு ஜேனு', மேலே சொன்ன 'மயூரி', பாலகிருஷ்ணாவின் 'ஆதித்யா 369', 1994இல் தம் குருவின் 'பாதாள பைரவி' மரபுக்குத் திரும்பிப்போய் எடுத்த மந்திரவாதிக் கதை 'பைரவ த்வீபம்' ஆகியவற்றில் கமல் இல்லை. அதே 1994இல் வந்த 'மகளிர் மட்டும்' கமலின் தயாரிப்பு. ஆனால் படத்தைத் தாங்குபவர்கள் ரேவதி, ஊர்வசி, ரோகிணி ஆகிய மூன்று பெண்களும், பிணமாக நடிக்கும் நாகேஷும். ஒரு விரலையும் தானாக அசைக்காத ஒரு நடிகரைக் கொண்டு ஒரு கொட்டகையைச் சிரிக்க வைத்ததில் நடிகருக்கு எவ்வளவு, இயக்குநருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்க எனக்குத் தராசு இல்லை. இருவருக்கும் முழுப் பங்கு கொடுத்துவிடுவோம்.

கேள்வி: 'ஆதித்யா 369' இல் வரும் காலயந்திரம் விஞ்ஞானப்படி சரியா?
– உயர்தர மாணவன், ஒட்டுசுட்டான்

தம்பி, சரியில்லை. அப்படிச் சரியாக ஒன்று எங்கும் இல்லை. எச். ஜி. வெல்ஸ் நாவலில் தொடங்கிய கற்பனையை எடுத்து, தெலுங்கு மக்கள் தங்கள் பொற்காலமாகக் கொண்டாடும் கிருஷ்ணதேவராயர் சபைக்கு, 1526ஆம் ஆண்டுக்கு, நாயகனை அனுப்பியதில்தான் சிங்கீதத்தின் சாமர்த்தியம். தெனாலிராமனும் அங்கே உண்டு. பின்னர் யந்திரம் எதிர்காலத்துக்கும் போகிறது. 1991இல், கணினி வரைகலை கைக்கு எட்டாத காலத்தில் எடுத்தது. நோயின் காரணமாக பி. சி. ஸ்ரீராம் விலக நேர்ந்ததால், வி. எஸ். ஆர். சுவாமியும் கபீர்லாலும் மற்றப் பகுதிகளை ஒளிப்பதிவு செய்தார்கள். அதனால் நிகழ்காலம், கடந்தகாலம், எதிர்காலம் மூன்றுக்கும் வெவ்வேறு கண் கிடைத்தது.

வேற்றுமொழிக் கற்பனையைத் தன் ஊர் வரலாற்றில் நட்டதுதான் படம் இன்றும் நினைவில் நிற்பதற்குக் காரணம் என்பது என் எண்ணம். உங்கள் வீட்டிலிருந்து கற்சிலைமடு சைக்கிள் தூரம். வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் தோற்ற இடத்தைக் குறித்து வெள்ளைக்காரர் நட்ட கல் அங்கே இருந்தது. அதே 1803இல்தான் அவன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதும். யந்திரம் ஒன்று கிடைத்தால் எந்த மாதத்தில் போய் இறங்குவீர்கள், போனவர் எதையாவது மாற்ற முயல்வாரா, வேடிக்கை மட்டும் பார்ப்பாரா? பரீட்சை முடிந்ததும் எழுதி அனுப்புங்கள். நன்றாக இருந்தால் பிரசுரிக்கிறேன்.

கேள்வி: அவர் எடுத்து உருப்படாமல் போன படம் எதுவும் இல்லையா?
– வாசகர், நெடுங்கேணி

இல்லாமல் என்ன. 2001இல் வந்த 'லிட்டில் ஜான்' எனக்குப் பிடிக்கவில்லை. 'காதலா காதலா' சிரிக்க வைத்தது, மறுநாள் மறந்துபோயிற்று. 'ராஜபார்வை' வெளியானபோது வசூலில் தோற்றது. அந்தத் தோல்வி பார்த்தவர்களுடைய பிழை என்பேன். 2005இல் டிஜிட்டல் கமெராவில் எடுத்த 'மும்பை எக்ஸ்பிரஸ்' படத்தைப் பற்றி இன்னும் என்னால் முடிவுக்கு வர முடியவில்லை. எழுபது வயதைக் கடந்தவர் புதுக் கருவியைக் கையிலெடுத்தார் என்பது மட்டும் பிடித்திருந்தது. 2013இல், எண்பதைக் கடந்த பிறகும், ஒரு தெலுங்குப் படம் இயக்கினார்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் வசனமில்லாத நாடகம் ஒன்று போட விரும்புகிறோம். 'பேசும் படம்' பார்த்து வந்த ஆசைதான். தமிழ்மொழித் தினப் போட்டிக்கு அனுப்பலாமா? எப்படித் தொடங்குவது?
– ஆசிரியை, பூநகரி

தமிழ்மொழித் தினத்துக்குத் தமிழே இல்லாத நாடகத்தை அனுப்பினால் நடுவர்கள் புள்ளி எங்கே போடுவது என்று திகைத்துவிடுவார்கள், ரீச்சர். பரிசளிப்பு விழாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கதையில் பேச்சு ஏன் இல்லை என்பதற்குக் காரணம் தேட வேண்டாம்; படத்திலும் காரணம் சொல்லப்படவில்லை. ஆனால் விதியை மீறவே கூடாது. ஒரு பிள்ளை ஓரிடத்தில் 'ஐயோ' என்று கத்தினாலும் அதுவரை கட்டியது உடைந்துவிடும். பிள்ளைகள் வாயை மட்டும் அசைத்துப் பேசுவதுபோல் நடிப்பதையும் அனுமதிக்காதீர்கள். அது பேச்சைத் திருடிக் கொண்டுவருவது. பேசத் தேவையே எழாத நிலைமைகளாகத் தேர்ந்தெடுங்கள்: பஸ்ஸுக்குக் காத்திருப்பது, சந்தையில் கள்ளத் தராசு, கடலில் போன படகைக் கரையில் நின்று பார்த்திருப்பது. உங்கள் ஊரில் இவை மூன்றும் உண்டு.

ஒவ்வொரு காட்சியிலும் ஒரு பொருள் இருக்கட்டும். பனிக்கட்டிக் கத்தி மாதிரி, அது கைமாறும்போது கதையும் நகர வேண்டும். சத்தங்களை மறந்துவிடாதீர்கள். கிடுகு வேலியில் தடியை இழுக்கும் சத்தம், வாளி கிணற்றில் விழும் சத்தம் ஆகியவற்றைத் திரைக்குப் பின்னால் பிள்ளைகளே எழுப்பலாம். ஒத்திகையில் ஒருவரிடம் கடிகாரத்தைக் கொடுத்து நேரம் குறிக்கச் சொல்லுங்கள். வசனம் இல்லாத காட்சி நீங்கள் நினைப்பதைவிட விரைவில் முடிந்துவிடும். முதல் நாள் ஒத்திகையில் அரைமணி நாடகம் ஒன்பது நிமிடத்தில் முடிந்தால் பதற வேண்டாம், கதையில் சரக்குக் குறைவு என்பதுதான் பொருள். விழாத் திகதியை அறிவித்தால் நானும் வருவேன். பின்வரிசையில் ஓர் இடம் போதும்.